இருமல் இல்லாவிட்டாலும் சூடோமோனாஸுக்கு மருந்து தேவை

சகோதரி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகித் தேங்கும் பிறவி நோய்) உள்ள மகனின் தொண்டைச் சளியில் முதன்முறையாகச் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாக் கிருமி தெரிந்திருக்கிறது, இருமலே இல்லை, மருந்து அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம், நாளைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரலின் கெட்டிச் சளிக்குள் இந்தக் கிருமி நாளடைவில் வழவழப்பான உறை கட்டிக்கொள்ளும். பிறகு விரட்டுவது மிகக் கடினம். இப்போது பெரும்பாலும் விரட்டிவிடலாம். டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை நெபுலைசரில் (மருந்தை மூச்சில் இழுக்கும் புகைபோல் ஆக்கும் கருவி) தினம் இரு வேளை, 28 நாள் கொடுப்பது வழக்கமான முறை. எங்கள் மகளுக்கும் அப்படித்தான் கொடுத்தோம். முதலில் நெஞ்சைத் தட்டிச் சளியை வெளியேற்றுங்கள், அதன் பிறகே மருந்து.

நெபுலைசர் கிண்ணத்தைச் சோப்பில் கழுவி, கொதிநீரில் 5 நிமிடம் போட்டெடுத்து, முழுக்க உலர விடுங்கள். ஈரம்தான் இந்தக் கிருமியின் வீடு. இரவில் ஒவ்வொரு பாகத்தையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன். மருந்து முடிந்த பின் மறுபடியும் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.