வாசகர் கேள்வி: செம்பவாங் கடற்படைத் துறையும் சிங்கப்பூர் சட்டசபையும்

கேள்வி: என் தாத்தா 1930-களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சிங்கப்பூர் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தகரப் பெட்டியில் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று கிடைத்தது, படம் அனுப்பியிருக்கிறேன். அந்தத் தளம் வேண்டுமா, வேண்டாமா என்று அங்கிருந்த சட்டசபைதான் விவாதித்து முடிவெடுத்தது என்கிறார் என் மாமா. உண்மையா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: சட்டசபையில் பேச்சு நடந்தது என்ற அளவில் உங்கள் மாமா சொல்வது சரி, முடிவெடுத்தது அந்தச் சபை அல்ல. அன்று சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே காலனியாக இருந்தன. அதன் சட்டசபையில் கவர்னர் தலைமை வகிப்பார். அரசு அதிகாரிகள் ஒரு பக்கமும், வணிகர், வழக்கறிஞர் முதலிய அதிகாரி அல்லாதோர் மறுபக்கமும் அமர்வார்கள். பொதுமக்கள் வாக்களித்து உள்ளே வந்தவர் ஒருவர்கூட இல்லை. அதிகாரிகள் கவர்னர் பக்கமே கை தூக்க வேண்டும் என்பதால், எந்தத் தீர்மானமும் எப்படி முடியும் என்பது கூட்டம் தொடங்குமுன்பே தெரிந்துவிடும்.

தளம் அமைக்கும் முடிவை லண்டன் அமைச்சரவை 1921 ஜூன் மாதத்திலேயே எடுத்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் ஜப்பான் வலுத்துவிட்டது. பிரிட்டனுக்கோ கிழக்குக் கடலில் ஒரு பெரும் படையை நிரந்தரமாக நிறுத்திவைக்கப் பணமில்லை. ஆபத்து வந்தால் ஐரோப்பாவிலிருந்து போர்க்கப்பல்களை அனுப்பலாம் என்றாலும், டார்ப்பிடோவைத் தாங்குவதற்காக அடிப்பக்கம் புடைப்பு வைத்து அகலமாகக் கட்டிய புதிய கப்பல்களை ஏற்றிப் பழுதுபார்க்க, கிழக்கில் அவர்களிடம் இருந்த உலர்துறை எதுவும் போதவில்லை. ஹாங்காங்கை ஏன் விரிவாக்கவில்லை என்று கேட்கலாம். 1922-இல் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தம், 110 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு அப்பால் பிரிட்டன் புதிய கடற்படைத் தளமோ அரணோ கட்டக் கூடாது என்று தடுத்தது. ஹாங்காங் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் இந்தப் பக்கம். ஒப்பந்தம் பேசியவர்கள் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் கவனமாகவே இருந்திருக்கிறார்கள்.

ஆக, தலைமதகில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தபோதுதான் சிங்கப்பூர் சட்டசபைக்கு வேலை வந்தது. அதன் முன் நின்றது நிலமும் பணமும் மட்டுமே. ஜொகூர் நீரிணைக் கரையில், ரப்பர்த் தோட்டமும் சதுப்பு நிலமுமாகக் கிடந்த 2,845 ஏக்கரைக் காலனி தன் செலவில் வாங்கிக் கடற்படைக்கு இலவசமாகக் கொடுத்தது. நம் ஊர்க் கணக்கில் நானூறு வேலிக்கு மேல். நிலத்தைக் கொடுத்து முடித்த கையோடு, 1924-இல் லண்டனில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி வேலையை நிறுத்தியது. அதே ஆண்டு இறுதியில் திரும்பி வந்த கன்சர்வேடிவ் கட்சி மறுபடி தொடங்கியது. இந்த இரண்டு முறையும் யாரும் சிங்கப்பூர்ச் சபையின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை.

கேள்வி: அதிகாரமே இல்லாத சபை பணத்தைப் பற்றி மட்டும் வாதாடி என்ன பயன்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பயன் குறைவுதான், ஆனால் வாதாட நியாயம் இருந்தது. காலனியின் வருவாயில் ஒரு பங்கை ராணுவச் செலவுக்கு லண்டன் எடுத்துக்கொண்டது பழைய மனத்தாங்கல். அதை எதிர்த்து 1895-இல் அதிகாரி அல்லாத உறுப்பினர்கள் பதவி விலகியே காட்டினார்கள். கடற்படைத் தளம் வந்தபோது, பேரரசு முழுமைக்குமான காவலுக்கு எங்கள் கஜானா எவ்வளவு கொடுப்பது என்ற அதே கேள்வி புதிய உருவில் எழுந்தது. அண்டையில் இருந்த மலாய்க் கூட்டு மாநிலங்கள் 1926-இல் 20 லட்சம் பிரிட்டிஷ் பவுண்டு தர ஒப்புக்கொண்டன, ஹாங்காங் 2.5 லட்சம் பவுண்டு கொடுத்தது. மலாய் மாநிலங்களின் கை அப்போது தாராளமாக இருந்ததற்குக் காரணம் ரப்பர் விலையேற்றம். அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்; அவர்களில் பலர் நாகப்பட்டினத்து டிப்போவில், அதாவது கப்பலுக்குக் காத்திருப்போர் முகாமில், தங்கியிருந்து கப்பலேறிப் போன நம் பக்கத்து மக்கள். அவர்களுடைய கருத்தை எந்தச் சபையும் கேட்கவில்லை.

கேள்வி: ஒரு துறைமுக டாக் முழுவதுமே கடலில் மிதந்து சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கதையா?
– வாசகர், நாகூர்

பதில்: கதையல்ல. இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டிய, 50,000 டன் எடையைத் தூக்கக்கூடிய மிதக்கும் டாக்கை இரண்டு துண்டுகளாக இழுவைக் கப்பல்களில் பூட்டி, சூயஸ் கால்வாய் வழியாக 1928-இல் கொண்டு சேர்த்தார்கள். தரையில் வெட்டிக் கட்டிய பெரிய உலர்துறை, ஆயிரம் அடி நீளத்தில், 1938 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது: சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும். இத்தனை பெரிய டாக்கில் வேலைக்குப் போனவர்கள் கப்பலேறிய நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்க ஆழமில்லை. அவர்கள் ஏறிப் போன ரஜூலா என்ற பயணிகள் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும்.

திருத்துறைப்பூண்டி வாசகருக்கு இன்னும் ஒன்று. அந்தப் பித்தளை வில்லையைப் பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். படத்தில் கடைசி எண் ஏற்கெனவே பாதி மழுங்கித் தெரிகிறது; மூன்றா எட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் உரசி, அந்தப் படியை அனுப்புங்கள்.