இரண்டு றாத்தல் பாணும் ஒரு புகைக்குழாயும்

முள்ளியவளையிலிருந்து ஓர் அம்மா நாலு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். பக்கத்து வளவில் பேக்கரி. எட்டு வருடத்துக்கு முன் விறகுப் போறணையை இடித்துவிட்டு காஸ் போறணை வைத்தார்கள். அதன் தகரப் புகைக்குழாய் மதிலுக்கு மேலால் வந்து, ஒன்பது அங்குலம் இவர்கள் காணிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. குழாயின் வாய்க்கும் குசினி யன்னலுக்கும் நாலடி. அப்போது உயிரோடிருந்த அப்பா, "சரி, போடுங்கோ" என்று சொன்னவராம். மூன்று வருடத்துக்கு முன் அவர் காலமாகிவிட்டார். இப்போது யன்னல் கம்பியில் கரி, பேத்திக்கு இழுப்பு, கேட்கப் போனால் ஏச்சு. குழாய்த் துண்டை மகன் கிறைண்டரால் அறுத்துவிடலாமா, அல்லது கேஸ் போடலாமா என்று கேட்கிறார்.

அம்மா, வற்றாப்பளைப் பொங்கலில் அவர்கள் முகத்தைத் திருப்பியது, சாமத்திய வீட்டுக்குச் சொல்லாமல் விட்டது, மதிலடியில் நின்று பேசிய பேச்சு, இவை எதையும் நீதிமன்றம் கேட்காது. பேத்தியின் இழுப்பு வேறு விஷயம். ஆனால் அதற்கும் இந்தக் குழாய்க்கும் தொடர்பு உண்டென்று வைத்தியர் எழுதித் தராதவரை, அதுவும் உங்கள் மனவருத்தத்தோடுதான் சேரும்.

உங்கள் நாலு பக்கத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. மூன்றாம் பக்கத்தின் கீழே, பேக்கரிக்காரரின் நன்றிகெட்ட குணத்துக்கு உதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்: "அப்பா இருக்குமட்டும் ஒவ்வொரு நாளும் விடிய ரெண்டு றாத்தல் பாண் சும்மா வரும், அவர் கண்ணை மூடின கையோட நிப்பாட்டிப் போட்டினம்." அந்தப் பாண்தான் உங்கள் வழக்கு.

ஏனென்று சொல்கிறேன். உங்களுடையது உறுதிக் காணி, அதாவது உறுதி எழுதிய தனியார் காணி. தனியார் காணியில் ஒருவர் பத்து வருடம் இடையறாமல், உங்கள் உரிமையை ஏற்காமல் ஒன்றை அனுபவித்தால், அது அவருக்கே உரிமையாகிவிடும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அது. புகைக்குழாய் கொண்டுபோகும் உரிமையும் அப்படிக் கேட்கப்படலாம். ஆனால் அதே பிரிவு, வாடகையோ விளைபொருளோ கொடுத்தவர், சேவை செய்தவர், அல்லது வேறு ஏதாவது செயலால் மற்றவரின் உரிமையை ஒப்புக்கொண்டவர் இந்தக் கணக்கைக் கேட்க முடியாது என்றும் சொல்கிறது. அப்பாவின் வாய்ச்சொல்லுக்கு இன்று சாட்சி இல்லை. பாணுக்கு இருக்கலாம். கொண்டுவந்து தந்த பெடியன் யார், பேக்கரிக் கணக்குக் கொப்பியில் எழுதினார்களா, அந்தப் பாணை வாங்கிச் சாப்பிட்டவர்கள் யார்? இதை இப்போதே எழுதி வையுங்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அது அயலட்டை அன்புக்குத் தந்த பாண் என்பார். சொல்லட்டும். ஒன்றும் இல்லாமல் போவதைவிட அது எவ்வளவோ மேல். (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணியென்றால் இந்தக் கதையே வேறு. அரசுக்கு எதிராகப் பத்து வருடக் கணக்கு ஓடாது.)

குழாய் போட்டு எட்டு வருடம். பாணை நீதிமன்றம் கணக்கில் எடுக்காவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது இரண்டு வருடம்தான். ஆட்சேபித்து ஒரு கடிதம் அனுப்பினால் போதும் என்று நினைக்க வேண்டாம், வெறும் கடிதம் அந்தக் கணக்கை நிறுத்தாது.

தம்பி கனடாவில் வீட்டுக்குச் சூடேற்றும் காஸ் பேர்னஸ் பூட்டும் வேலை செய்கிறார், அங்கத்தைய விதியை வட்சப்பில் அனுப்பினார் என்றீர்கள். பார்த்தேன். தயவுசெய்து அதை யாருக்கும் காட்டாதீர்கள். ஒரு லட்சம் பிரியூ (மணிக்கு எவ்வளவு சூடு என்ற அளவு) வரையான சாதனத்தின் குழாய் வாய், திறக்கக்கூடிய யன்னலிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்கவேண்டும், அதற்கு மேற்பட்டதென்றால் மூன்று அடி என்கிறது அது. உங்கள் யன்னல் நாலடியில் இருக்கிறது. அதாவது தம்பியின் கடதாசி பேக்கரிக்காரருக்குத்தான் உதவும். அங்கத்தைய வீட்டு விதி இங்கே பேக்கரிப் போறணைக்குச் சட்டமும் அல்ல. ஆனால் மத்தியஸ்த சபையில் நீங்களே அதை நீட்டினால், அடுத்த ஆள் அதைப் பிடித்துக்கொள்வார்.

இனி கிறைண்டர் கதை. அறுக்கவேண்டாம் என்பதுதான் என் பதில். என் காணிக்குள் நீட்டியதை நான் அறுத்தால் என்ன என்று உங்கள் மகன் மட்டும் கேட்கவில்லை, என்னிடம் வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

தகரக் குழாயைத் துண்டு துண்டாகச் செருகி, றிவெட் அடித்துத்தான் பொருத்துவார்கள். வெளியே கிறைண்டர் போட்டு அதிரவைத்தால், உள்ளே போறணை உச்சியில் இருக்கும் பொருத்து விலகும். அது யாருடைய கண்ணுக்கும் தெரியாது. இரவு இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மா குழைக்கும் பெடியங்கள் அந்தப் புகையைச் சுவாசிப்பார்கள். நீங்கள் சொல்லும் கரியே அபாயத்தின் அறிகுறி. காஸ் சரியாக எரிந்தால் கரி படியாது. படிகிறதென்றால் காற்றுப் போதாமல் எரிகிறது, அப்போது காபன் மொனொக்சைட் வரும். அதற்கு மணமில்லை. காஸ் கசிந்தால் மூக்கில் அடிக்கும் நாற்றம் வேண்டுமென்றே சேர்த்தது. இதற்கு அதுவும் கிடையாது.

மாங்குளம் பக்கத்து ஒருவர் எனக்குக் கட்சிக்காரராக இருந்தார். அறுக்கவில்லை, சாப்பாட்டுக் கடை ஒன்றின் குழாய் வாயில் ஈரச்சாக்கைத் திணித்தார், அவ்வளவுதான். சமையல்காரர் இருவர் மயங்கி விழுந்தார்கள். இருவரும் பிழைத்தது அவருடைய அதிர்ஷ்டம். அவர் விளக்கமறியலில் இருந்த இரண்டு கிழமையில், கடைக்காரர் ஊரில் அனுதாபத்துக்குரியவராகிவிட்டார். அதுவரை புகை பற்றி நாங்கள் கொடுத்த முறைப்பாடுகள் எல்லாம், "இவர் முன்பே பகை வைத்திருந்தார்" என்பதற்கு அத்தாட்சியாக மாறிவிட்டன. ஒருவர் செத்திருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில், கவனயீனத்தால் மரணம் விளைவித்ததற்கு, ஐந்து வருடம் வரை சிறை என்பது குறைந்த பக்கம். தெரிந்தே அடைத்தார் என்று காட்டினால் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு.

யாருக்கும் ஒன்றும் நடக்காவிட்டாலும் பொலிஸ் வரும், "66 வழக்கு" வரும். ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் சமாதானம் குலையாமல் பார்ப்பதுதான் அதன் நோக்கம், இறுதி உரிமையை அது தீர்மானிக்காது. முதலில் கைவைத்தது நீங்கள் என்று பதிவாகும். அறுத்த குழாயைப் பழையபடி பொருத்தச் சொல்லவும் கூடும். அதற்குள் பேக்கரிக்காரர் தன் உரிமைக் கதையை நீதிமன்றத்தில் முதல்முறையாக எழுத்தில் வைத்துவிடுவார்.

கேஸ் போடலாமா என்றால், போடலாம். மாவட்ட நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பும். உங்கள் மதில் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, பழைய கதியால் வேலி இருந்த இடத்தைக் கண்ணால் பார்த்துக் கட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். அளந்தால் ஒன்பது அங்குலம் யார் பக்கம் போகும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. குழாய்க்காகப் போய் மதிலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பேசித் தீருங்கள். வெறும் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, உங்கள் கையில் சீட்டு இருக்கிறது. பிரதேச சபை லைசென்ஸ் புதுப்பிக்க பேக்கரிக்காரர் உங்களிடம் ஆட்சேபனை இல்லைக் கடிதம் கேட்டு இரண்டு தரம் வந்தார் என்கிறீர்கள். அவர் தட்டச்சடித்துக் கொண்டுவந்த கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். "நிரந்தரமாக" என்ற ஒரு சொல் உள்ளே இருந்தால் மிஞ்சிய இரண்டு வருடம் காத்திருக்காமலே உரிமை கேட்க அவர் அதை நீட்டுவார்.

மத்தியஸ்த சபையில் வைத்தே எழுதுங்கள். முதலில் காஸ் தெரிந்த ஒருவரைக் கொண்டு பேர்னரைச் சரிபார்க்கவேண்டும். தன் வேலைக்காரர் உயிருக்கு அது தேவை என்று சொன்னால் பேக்கரிக்காரர் மறுக்கமாட்டார். பிறகு முழங்கை வளைவைக் கழற்றி, குழாயை அவருடைய சுவரோடு நிமிர்த்திக் கூரைக்கு மேலே கொண்டுபோகவேண்டும். அதற்குப் பத்தடி தகரமும் ஒரு நாள் கூலியும். முடியாது, இங்கேதான் நிற்கும் என்றால், குழாய் உங்கள் அனுமதியில் நிற்கிறது, வேண்டாமென்றால் எடுப்பேன் என்று அவர் கைப்பட எழுதவேண்டும். அதற்குப் பதிலாக நாளுக்கு இரண்டு றாத்தல் பாண் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் சிரிப்பார். அந்த வரி இல்லாமல் கடிதம் கொடுக்காதீர்கள்.