ஒட்டுத்துணி விரிப்பு: கேட்டதும் சொன்னதும்

பாளையங்கோட்டையில 28 வருஷமா தையல் சொல்லிக் கொடுக்கேன். குவில்ட் பக்கம் திரும்பினது கடைசி 12 வருஷம்தான். "என்ன வேணும்னாலும் கேளுங்க"ன்னு போன வாரம் வாய் தவறிச் சொல்லிட்டேன். வந்ததுல பாதி ஒரே கேள்வி. பரவாயில்ல, முடிஞ்ச வரைக்கும் சொல்லுதேன்.

குவில்ட்னா என்னன்னே தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. மேல ஒரு துணி, பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டாச் சேர்த்துத் தைச்சது. அடியில ஒரு துணி, நடுவுல பஞ்சோ இன்னொரு துணியோ. மூணையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டா அதுதான். நம்ம ஆச்சிமார் பழஞ்சேலையை நாலா மடிச்சுத் தைச்சு, பச்சைப்பிள்ளைக்கு விரிச்சாங்கல்லா, அதுவும் இந்த வம்சம்தான்.

தென்காசித் தங்கச்சி: அக்கா, தை மாசம் ஆரம்பிச்சா மார்கழிக்குள்ள நல்லாத் தைக்க வந்துருமா?

வரும். ஆனா நீ நினைக்கிற வரிசையில வராது. முதல் ரெண்டு மாசம் இன்ச்சுக்கு 4 தையல் விழும், அதுலயும் ஒண்ணு நெல்லு மாதிரி, ஒண்ணு எள்ளு மாதிரி. வருஷக் கடைசியில 7, 8 விழும். எண்ணிக்கையைத் துரத்தாத. 5 விழுந்தாலும் அஞ்சும் ஒரே அளவா இருந்தாப் போதும்.

மூணாவது மாசம் ஒரு சங்கடம் வரும். தைக்கத் தைக்க மோசமாகுதேன்னு தோணும். அப்படி இல்ல. தை மாசம் உன் கண்ணுக்குப் படாத கோணல் இப்பப் படுது, அவ்வளவுதான். கண்ணு தேறிருச்சு, கை பைய வருது. அந்த இடத்துலதான் பாதிப்பேரு ஊசியைப் போட்டுட்டுப் போயிருதாவ.

பிறகு சித்திரை, வைகாசி வெயில். ஃபேன் போட்டா வெட்டி வச்ச துண்டெல்லாம் பறக்கும், நிறுத்துனா விரல் வேர்த்து ஊசி வழுக்கும். அந்த ரெண்டு மாசமும் நான் கையால தைக்க மாட்டேன். காலையில 5 மணிக்கு எந்திரிச்சு வெட்டுற வேலை மட்டும். உங்க ஊர்ல ஆனி, ஆடிச் சாரல்ல எதுவும் காயாது. ஈரம் போகாத துணியை அளந்து வெட்டினா, காஞ்ச பிறகு அளவு மாறும். சாரலுக்கு முன்னாடியே துவைச்சு வச்சுக்கோ. ஆமா, துவைக்கணும். இன்னும் பல தடவை சொல்லுவேன்.

அரை வருஷம் தாண்டினதுக்கு அப்புறம் தேறுறது உன் பழக்கம். ரெண்டு துண்டு சேர்ற ஒவ்வொரு மூட்டுத் தையலையும் போட்ட உடனே தேய்ச்சுட்டு அடுத்ததுக்குப் போறது, வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அளக்கிறது, கோணின வரிசையைப் பாத்ததும் மனசைக் கல்லாக்கிட்டுப் பிரிக்கிறது. என்கிட்ட படிச்ச ஒரு பிள்ளை, கிரைண்டர்ல மாவு ஓடுற நேரம் மட்டும்தான் தைப்பா. வருஷத்துல ரெண்டு பெரிய விரிப்பு முடிச்சா. ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காருவேன்னு சொன்னவ பீரோவுல ஆறு அரைகுறை கிடக்கு.

வள்ளியூர்: எல்லாச் சதுரமும் ஒரே அளவாத்தான் வெட்டுதேன் டீச்சர். வரிசையாச் சேர்த்தா ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. ஏன்?

வெட்டுல தப்பு இல்ல, மார்ஜின்ல, அதாவது தையலுக்கு வெளிய விடுற ஓரத்துல இருக்கு. குவில்ட்டுக்கு மார்ஜின் கால் இன்ச். நீங்க நூல் கனம், 1/16 இன்ச், கூடப் பிடிக்கீங்கன்னு வைங்க. ஒரு மூட்டுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 1/8 போச்சு. ஒரு வரிசையில 9 சதுரம்னா 8 மூட்டு. மொத்தம் ஒரு முழு இன்ச் காணாமப் போகும். அடுத்த வரிசையில சரியாப் பிடிச்சிருப்பீங்க. எப்படிச் சேரும்?

ஊசி இறங்குற இடத்துல இருந்து சரியா கால் இன்ச் அளந்து மெஷின் தட்டுல ஒரு டேப் ஒட்டுங்க. அதை உரசியே துணி போகட்டும். முதல்ல மூணு துண்டைச் சேர்த்து அளந்து பாருங்க. மூணரை இன்ச் துண்டு மூணு சேர்ந்தா ஒன்பதரை வரணும். வரலைன்னா டேப்பை நகட்டுங்க.

நாங்குநேரி: குவில்ட்டுக்குன்னு தனி மெஷின் வாங்கணுமா?

வேண்டாம். அம்மா வீட்டு மிதி மெஷின் நேர்த்தையல் ஒழுங்காப் போட்டாப் போதும். ஊசி 14, கனத்த இடத்துக்கு 16. மெஷின் ஊசிக்கு நம்பர் கூடக்கூட ஊசி தடிக்கும், கை ஊசிக்கு நம்பர் கூடக்கூட ஊசி சிறுக்கும். கடையில குழம்பாதீங்க. கையால தைக்க 8ல ஆரம்பிச்சு, வருஷக் கடைசியில 10க்கு வரலாம்.

மேலப்பாளையம்: சிவப்புச் சேலைக்குக் கல்லுப்பு போட்டு ஊற வச்சா சாயம் நின்னுருமா?

நிக்காது. உப்பு சாயம் முக்கும்போது வேண்டியது. முக்கி முடிச்சு வித்த துணியைப் பிடிச்சு வைக்காது. தண்ணி தெளியுற வரைக்கும் அலசுங்க. பிறகு ஈரமான வெள்ளைத் துணியை மேல வச்சுச் சூடா அயன் பண்ணுங்க. வெள்ளையில நிறம் ஏறினா அந்தச் சேலை விரிப்புக்கு ஆகாது.

அனுபவப்பட்டுத்தான் சொல்லுதேன். என் முதல் விரிப்பு சிவப்பும் வெள்ளையும், மதினி பிள்ளைக்குத் தைச்சது. நாலு மாச வேலை. கடைக்காரர் "சாயம் போகாதும்மா"ன்னாரு, நானும் நம்பித் துவைக்காமத் தைச்சேன். முதல் அலசல்லயே வெள்ளையெல்லாம் ரோஸ் மில்க். மதினி ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் இன்னும் உறுத்துது.

சேரன்மகாதேவி: பத்தமடைப் பாய் நெய்யக் கத்துக்கணும்…

அது கோரை, நமக்குத் துணி. பக்கத்துலயே இருக்கீங்க, பத்தமடைக்கே போய்க் கேளுங்க.

அம்பாசமுத்திரம்: நடுவுல இலவம்பஞ்சு வைக்கலாமா? வீட்டுல மரமே நிக்கி.

வைக்காதீங்க. துவைச்சா கட்டி கட்டியா ஒதுங்கும்.

புளியங்குடி அண்ணாச்சி: டீச்சர், மூணு தலைமுறையா மெத்தை தைக்கோம். எங்க தாத்தா போட்ட இலவம்பஞ்சு மெத்தை இன்னும் கிடக்கு. ஒரே வரியில ஆகாதுன்னுட்டீங்களே!

அண்ணாச்சி, மெத்தைக்கு அதை மிஞ்ச ஒண்ணு கிடையாது, ஒத்துக்கிடுதேன். இலவம்பஞ்சு இழை உள்ள குழல் மாதிரி வெத்திடம், மேல மெழுகுப் பூச்சு. அதனாலதான் அவ்வளவு லேசு, தண்ணியும் ஒட்டாது. ஒரு காலத்துல கப்பல்ல மிதவைச் சட்டைக்குள்ள இதைத்தான் அடைச்சாங்க. ஆனா இழை வழவழன்னு இருக்கதால ஒண்ணோட ஒண்ணு பின்னிப் பிடிக்காது. நூல் நூற்கவே கஷ்டம். பருத்திப் பஞ்சு சுருண்டு கோத்துக்கிடும், இது கோக்காது.

கடையநல்லூர்: எங்க பெரியம்மை இலவம்பஞ்சு வச்சுத்தான் தொட்டில் விரிப்பு தைச்சாவ. ஒண்ணும் ஆகலையே?

எத்தனை தடவை துவைச்சாவன்னு கேட்டுச் சொல்லுங்க.

கடையநல்லூர்: கேட்டேன். துவைக்க மாட்டாவளாம், மொட்டை மாடியில வெயில்ல போடுவாவளாம்.

அதேதான்!

புளியங்குடி அண்ணாச்சி: நெருக்கிக் குறுக்குத் தையல் போட்டா எங்க ஒதுங்கும்? ஒரு சாண் கட்டமாப் போடுறதுக்குப் பதிலா ரெண்டு விரக்கடைக்கு ஒண்ணு போடுங்க.

நியாயமான பேச்சு. ஒதுங்குறது குறையும். ஆனா ஊசி போற ஒவ்வொரு ஓட்டை வழியாவும் பஞ்சு மூக்கை நீட்டும். மெத்தைக்கு நீங்க போடுறது நெருக்கி நெய்த தடிச்ச துணி, பஞ்சு வெளிய வராது. விரிப்புக்கு நாங்க போடுறது பழகிப் பழகி நைஞ்ச, வாயில்ங்கிற மெல்லிசுத் துணிச் சேலை. சண்டை பஞ்சைப் பத்தியே இல்ல அண்ணாச்சி. மெத்தையை வெயில்ல காய வைப்போம், விரிப்பை ஆத்துல கும்முவோம். பிள்ளை மூத்திரம் போற விரிப்பைத் துவைக்காம எப்படி?

புளியங்குடி அண்ணாச்சி: சரி, பிள்ளை விரிப்பை உங்களுக்கு விட்டுத்தாரேன். தலையணை எனக்கு.

எடுத்துக்கோங்க. அம்பாசமுத்திரத்துக்காரவங்களுக்கு: நம்ம ஊர் வெக்கைக்குப் பஞ்சே வேண்டாம். நடுவுல ஒரு பழைய பருத்திச் சேலை, அடியில துவைச்ச காடாத்துணி. போதும்.

சங்கரன்கோவில்: கிழிஞ்ச துணியில தைக்கேன்னு மாமியார் சிரிக்காவ. இதுக்கு மதிப்பு உண்டா?

அமெரிக்காவுல அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு கிராமம். பருத்திக்காட்டுல பாடுபட்ட கறுப்பினப் பெண்கள், முட்டி தேஞ்ச வேலைச் சட்டையையும் கால்சட்டையையும் கிழிச்சுக் குளிருக்கு விரிப்பு தைச்சாங்க. 2002ல ஹூஸ்டன் அருங்காட்சியகத்துல அதைச் சுவர்ல மாட்டினாங்க. 2006ல அமெரிக்கத் தபால்தலையிலயும் வந்துருச்சு. வங்காளத்துக் காந்தாவும் பழஞ்சேலைதான், சேலைக் கரையில நூலை உருவி அதாலயே தைப்பாங்க. மாமியார்கிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க. அவுக பழைய சேலை ஒண்ணைக் கேட்டு வாங்கி, அவுகளுக்கே ஒண்ணு தைச்சுக் கொடுங்க.

களக்காடு: எந்த மெஷின் நல்லது மேடம்?

நாங்குநேரிக்குச் சொன்னதேதான்.

திசையன்விளை: முக்கோணம் சேர்த்த சதுரம் சின்னதாவே வருது.

தைச்சு முடிச்சு 4 இன்ச் வேணும்னா, ரெண்டு சதுரத்தை 4 7/8 இன்ச் வெட்டி மூலைக்கு மூலை அறுக்கணும். நாலரை பத்தாது. அறுத்த ஓரம் கிராஸ். நீள நூலான பாவுக்கும் குறுக்கு நூலான ஊடைக்கும் சாய்வாப் போறதால ரப்பர் மாதிரி இழுக்கும். இஸ்திரிப் பெட்டியை அதுமேல தேய்க்காதீங்க, வச்சு எடுங்க.

வீரவநல்லூர்: புதுத்துணியையும் துவைக்கணுமா? கஞ்சி போயிருமே.

போகட்டும். பருத்தி மீட்டருக்கு 3, 4 செ.மீ. சுருங்கும். மேல் துணி சுருங்கி அடித்துணி சுருங்கலைன்னா விரிப்பு அப்பளம் பொரிச்ச மாதிரி ஆகும். வெட்டும்போது விறைப்பு வேணும்னா துவைச்ச பிறகு நீங்களே கஞ்சி போடுங்க.

இன்னொரு வள்ளியூர்: எந்த மெஷின்…

அம்மா தாயே.

பாவூர்சத்திரம்: ஓரப்பட்டிக்கு எவ்வளவு துணி வேணும்? விரிப்பு 40க்கு 60 இன்ச்.

சுத்தளவு 200. மூலைக்கும் சேர்க்கைக்கும் 10 கூட்டி 210. ரெண்டரை இன்ச் அகலப் பட்டி, 42 இன்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில 6 பட்டி வெட்டுங்க. கணக்குல 5 வரும், ஆனா ஒவ்வொரு ஒட்டுலயும் கொஞ்சம் போகும். கடைசி ரெண்டு இன்ச்சுக்கு இல்லாமக் கடைக்கு ஓடினா அதே நிறம் கிடைக்காது.

புளியங்குடி அண்ணாச்சி: டீச்சர், எங்ககிட்ட நல்ல காடாத்துணி 20 மீட்டர் மிச்சம் கிடக்கு. வேணுமா?

மீட்டர் என்ன விலை அண்ணாச்சி? அப்புறம், துவைச்சதா?