ஆய்வகக் கேள்வி–பதில்: ஹைட்ரைடும் பதங்கமாதலும்

கேள்வி: டிரை எத்தில் அமீன் என்ற கரைப்பானில் ஈரத்தைப் போக்கக் கால்சியம் ஹைட்ரைடு போட்டு, இரவு முழுக்கக் கொதிக்க வைத்துக் காய்ச்சி வடித்தேன். ஆனாலும் ஈரம் போனதாகத் தெரியவில்லை. இன்னும் அதிகமாகப் போட வேண்டுமா?

பதில்: கணக்குப்படி 42 கிராம் ஹைட்ரைடு 36 கிராம் நீரைத் தின்னும். லிட்டருக்கு 1 கிராம் நீர் இருந்தால் 1.2 கிராமே போதும். ஆனால் நடைமுறையில் 5 முதல் 10 கிராம் போடுகிறோம், ஏனென்றால் மேற்பரப்பு மட்டும்தான் வேலை செய்கிறது. நீர் பட்டதும் கட்டியைச் சுற்றி ஹைட்ராக்சைடு ஓடு படிந்துவிடும். உள்ளே இருப்பது சும்மா கிடக்கும். ஆகவே கட்டியாக வாங்கி, போடுவதற்குச் சற்று முன் ஈரமில்லாத உரலில் நொறுக்குங்கள். நாள்பட்ட தூளில் பாதி ஏற்கெனவே செத்திருக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டு துணுக்கை நீரில் போட்டுப் பாருங்கள்: நல்லது சீறிப் பொங்கும்.

பெரும்பாலும் தவறு ஹைட்ரைடில் இல்லை, அதற்கு முன்னும் பின்னும்தான். அமீனை முதலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் மேல் ஓரிரவு வைத்து, தெளிவை இறுத்த பிறகே ஹைட்ரைடு சேர்க்க வேண்டும். கண்ணாடிச் சாமான்களை 120 டிகிரி அடுப்பில் காயவைத்து, சூடாக இருக்கும்போதே நைட்ரஜன் ஓட்டத்தில் பொருத்துங்கள். வடியும் முதல் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, 89 டிகிரியில் நிலையாக வருவதைப் பிடியுங்கள். குடுவையை வற்றவிடக் கூடாது. 1 கிராம் நீருக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் ஹைட்ரஜன் வரும். அது வெளியேற எண்ணெய்க் குமிழி (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத எண்ணெய்க் குப்பி) வழி இல்லாத அமைப்பை மூடவே மூடாதீர்கள்.

கேள்வி: இதே முறையை அசிட்டோன், எத்தில் அசிட்டேட், டைகுளோரோமீத்தேனுக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: டைகுளோரோமீத்தேனுக்குத் தாராளமாக. மற்ற இரண்டுக்கும் வேண்டாம்; அவை காரத்தில் தமக்குள்ளேயே இணைந்து வேறு பொருளாகிவிடும். குளோரின் உள்ள எந்தக் கரைப்பானிலும் சோடியம் உலோகத்தைப் போடாதீர்கள், வெடிக்கும்.

கேள்வி: வடித்தபின் குடுவையில் தங்கும் சாம்பல் நிறச் சேற்றை எப்படி ஒழிப்பது?

பதில்: குளிர்ந்ததும் டொலுயீன் ஊற்றி இளக்கி, நைட்ரஜன் ஓட்டத்தில், பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் கலக்கிக்கொண்டே ஐசோபுரொப்பனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குமிழி அடங்கியபின் மெத்தனால், கடைசியில் நீர். ஐசோபுரொப்பனாலோடு கால்சியம் ஹைட்ரைடு மிக மெதுவாகத்தான் வினைபுரியும்; குமிழி நின்றதை வைத்து முடிந்தது என்று எண்ணி நீரைக் கொட்டினால் அப்போதுதான் பொங்கும், தீயும் பிடிக்கும். சில மணி நேரம் விட்டுவைப்பதே நல்லது. பக்கத்தில் நீரோ கார்பன் டை ஆக்சைடு அணைப்பானோ அல்ல, உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும்.

கேள்வி: பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு என்ற வலுவான காரம் மஞ்சளாகிக் கட்டிதட்டிவிட்டது. பதங்கமாக்கி (உருக்காமல் நேராக ஆவியாக்கி, மீண்டும் திடமாகப் படியவைத்து) சுத்தம் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஈரம் பட்ட பகுதி பொட்டாசியம் ஹைட்ராக்சைடாகவும் டெர்ட்-பியூட்டனாலாகவும் பிரிந்திருக்கும். ஹைட்ராக்சைடு பதங்கமாகாமல் அடியிலேயே தங்கும், ஆல்கஹால் முன்னதாகவே பறந்துவிடும். 1 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் 220 டிகிரி வேண்டும்.

கிளவ் பாக்ஸுக்குள் (காற்றும் ஈரமும் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) பதங்கமாக்கும் குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், மேலே கண்ணாடிப் பஞ்சு அடையுங்கள். இல்லாவிட்டால் தெறிக்கும் தூள் மேலே போய் ஒட்டும், அதைப் பதங்கம் என்று நினைத்து ஏமாறுவோம். பம்புக்கு முன் குளிர்ப்பொறி (ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் கலம்) கட்டாயம். அறை வெப்பத்திலேயே வாக்யூம் எடுத்து, 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆல்கஹாலை விரட்டிய பிறகு, மெல்ல ஏற்றுங்கள். அவசரப்பட்டால் பொருள் உருகும். சூடேற்ற மணல் தொட்டியோ உலோகக் கட்டையோ போதும்.

குளிர்விக்கும் விரலில் (பதங்கம் வந்து படியும் உட்குழாய்) தண்ணீர் ஓட்டாதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டால் 220 டிகிரிப் பொருளின் மேல் நேராக விழும். இந்த வெப்பத்தில் வெளிக்காற்றின் குளிர்ச்சியே போதுமானது. வெள்ளைப் படிகம் சேர்ந்தபின் ஆறவிட்டு, காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனை உள்ளே விட்டு, பெட்டிக்குள்ளேயே சுரண்டி எடுங்கள். அடியில் தங்கும் பழுப்புக் கசடிலிருந்து கடைசித் துளியையும் பிடுங்க வெப்பத்தை ஏற்றுவது வீண்வேலை, சிதைந்த பொருள்தான் மேலே வரும்.