அந்தக் கதவு திறக்குமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிங்கப்பூரில் செங்காங்கில் வசிக்கிறேன். மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். போன பள்ளி விடுமுறையில் அவனோடு உட்கார்ந்து புதிதாக வந்த ஒரு கேமை ஆடிப் பார்த்தேன். மழையில் நனைந்த தார்ச்சாலையில் கடை விளக்குகள் மின்னுவதைப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து யோசித்தால், நான் செய்ததெல்லாம் கன்ட்ரோலரின் ஸ்டிக்கை முன்னால் தள்ளியதும், திரை சொன்ன பட்டனை அமுக்கியதும்தான். தெரு நெடுக அத்தனை கதவுகள், ஒன்றுகூடத் திறக்கவில்லை.

இளவயதில் பார்க்லேன் கடைத்தொகுதியில், கணினிகளை இணைத்து ஆடவிடும் லேன் (LAN) கடைகளில், நண்பர்களோடு கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் கேமை ஆடியவன் நான். அந்தப் படமெல்லாம் இன்று பார்த்தால் அட்டைப்பெட்டியை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். ஆனால் ஆடிய ஆட்டங்கள் இன்னும் மனதில் நிற்கின்றன. கிராபிக்ஸ் கூடக்கூட ஆட்டம் குறைந்துகொண்டே போகிறதா? இதைக் கேட்டால், "அப்பா, உங்களுக்கு வயசாயிடுச்சு" என்கிறான். இதில் கணினியில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு வேறு அவனுக்குப் புதிதாக வேண்டுமாம். வாங்கித் தரலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தெருவில் உங்களுக்குத் தட்டுப்பட்டது உண்மையான குறை. ஆனால் அந்தக் குறை படம் அழகாக இருந்ததால் வந்ததில்லை. கைக்குக் கொடுக்க முடியாததையெல்லாம் அந்தத் தெரு கண்ணுக்குக் காட்டியது. கதவுகளைப் பற்றிய உங்கள் வரியிலேயே விஷயம் முழுவதும் இருக்கிறது.

பழைய கேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ், விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸை முதலில் எழுதிய கணினிக்குப் படம் வரைந்து காட்டும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டங்களைக் காட்டினார். திரையில் தெரிந்த ஒவ்வொன்றும் ஆட்டத்தில் இருந்தது. வேடிக்கைக்கென்று எதுவும் இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் 1978இல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ். வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசை, மொத்தம் 55 வேற்றுக்கிரகவாசிகள். அத்தனையையும் நகர்த்தி வரைய அந்தக் காலத்துச் சில்லுக்குச் சக்தி போதவில்லை. அதனால் கூட்டம் மெதுவாக ஊர்ந்தது. நாம் சுடச்சுட எண்ணிக்கை குறைந்தது, வரைய வேண்டியது குறைந்தது, மிச்சமிருந்தவை வேகமெடுத்தன. கடைசி ஒன்று திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கும். நிஷிகாடோ அதைப் பிழை என்று திருத்தாமல் அப்படியே விட்டார். போகப்போக ஆட்டம் கடினமாகும் என்ற பரபரப்பு ஒரு வன்பொருளின் இயலாமையிலிருந்து பிறந்தது. படமும் ஆட்டமும் இரண்டு வேறு சரக்கு, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம் என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு கேமைத்தான் நான் காட்டுவேன்.

அதற்காகப் பழசெல்லாம் பொன் என்று ஆகிவிடாது. 1983இல் டிராகன்ஸ் லேர் என்று ஒரு ஆர்கேட் கேம் வந்தது. லேசர் டிஸ்க்கில் பதிந்த கார்ட்டூன் படம், அந்த ஆண்டின் மற்ற கேம்களோடு வைத்துப் பார்க்கவே முடியாத அழகு. ஆடுகிறவர் செய்ய வேண்டியது, சரியான நொடியில் ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளுவது, அல்லது வாள் பட்டனை அமுக்குவது. நீங்கள் போன விடுமுறையில் செய்ததும் இதுதானே? உங்கள் புகாருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

நல்ல படம் புது ஆட்டத்தையே கொண்டுவந்த காலங்களும் உண்டு. 1996இல் மாரியோ முப்பரிமாணத்துக்கு வந்தபோது, ஸ்டிக்கை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகத்தில் அவன் நடந்தான், ஓடினான். 2002இல் வந்த, பதுங்கிப் பதுங்கி ஆடும் ஸ்ப்ளின்டர் செல் கேமில் நிழல்கள் அந்த நொடியிலேயே கணக்கிட்டு வரையப்பட்டன. ஒரு பல்பைச் சுட்டு உடைத்தால் தாழ்வாரம் இருட்டாகும், காவலாளியின் பார்வைக்கு நாம் மறைந்துவிடுவோம். எங்கே பதுங்கலாம் என்பதை வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கிராபிக்ஸை எடுத்துவிட்டால் அந்த கேமில் விதியே மிஞ்சாது.

இனி கதவுக்கு வருகிறேன். 1993இல் வந்த டூம் என்ற சுடும் கேமில் கதவு என்பது தரைவரை இறங்கி நிற்கும் கூரையின் ஒரு துண்டு. பட்டனை அமுக்கினால் அந்தத் துண்டு மேலே ஏறும், அவ்வளவுதான். ஆட்டக்களத்தை அமைப்பவர் ஒரு நாளில் எத்தனை கதவு வேண்டுமானாலும் வைக்கலாம். இன்றைய தத்ரூபமான கேமில் ஒரு கதவு திறக்க வேண்டுமென்றால் கைப்பிடிக்கு விரல் சரியாகப் போக வேண்டும். வேகமாக ஓடிவந்து மோதினால் ஒரு அசைவு, பதுங்கி வந்து தள்ளினால் வேறு அசைவு. உடன் வரும் பாத்திரம் கதவிடுக்கில் சிக்கக்கூடாது. எதிரி துரத்தி வந்தால் அவனுக்கும் அதைத் திறக்கத் தெரிய வேண்டும். உள்ளே ஒரு வீடு இருக்க வேண்டும், அதில் சோபா, அலமாரி, அலமாரிக்குள் ஏதாவது. தெருவில் நாற்பது கதவு என்றால் நாற்பது வீடு. யாரால் முடியும்? அதனால் கதவைச் சுவரோடு சேர்த்து வரைந்துவிடுகிறார்கள்.

செலவும் இங்கேதான் எகிறுகிறது. அமெரிக்க நீதிமன்றத்துக்கு 2023இல் சோனி கொடுத்த ஆவணத்தில் கறுப்பு மையால் அடித்தும் எழுத்து தெரிந்துவிட்டது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 22 கோடி அமெரிக்க டாலர், உச்சத்தில் 200 பேர் உழைப்பு. இவ்வளவு பணம் போட்டவர்கள் ஆட்டத்தில் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கத் தயங்குவார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. படம் ஆட்டத்தை விழுங்குவதில்லை. படத்துக்கு ஆகும் செலவு, துணிச்சலை விழுங்குகிறது.

மஞ்சள் பெயின்ட்டைக் கவனித்திருக்கிறீர்களா? 2023இல் மறு உருவாக்கமாக வந்த ரெசிடென்ட் ஈவில் 4இல் உடைக்கக்கூடிய பெட்டிகளிலும் ஏறக்கூடிய ஏணிகளிலும் மஞ்சள் பூசியிருக்கும். சுற்றிலும் எல்லாமே தத்ரூபமாக இருப்பதால் எதைத் தொடலாம், எது வெறும் அலங்காரம் என்று ஆடுகிறவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் அந்தப் பெயின்ட். பலர் இதைக் கேலி செய்கிறார்கள், எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. அழகாக வரைந்த ஒரு உலகத்தின் மேல், அதை வரைந்தவர்களே வேறு வழியில்லாமல் பூசிய பெயின்ட் அது.

நம்மூர்க் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். 2012இல் வந்த அசாசின்ஸ் க்ரீட் கேமின் மூன்றாம் பாகத்தின் கடற்போரைச் செய்தவர்கள் யுபிசாஃப்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் குழு. அடுத்த ஆண்டு நான்காம் பாகமான பிளாக் ஃபிளாகில் அந்தக் கடல் முழு உருவம் பெற்றது. அலை உயர்ந்தால் எதிரிக் கப்பல் மறையும், பீரங்கிக் குண்டு அலையில் போய்ச் செருகும். தண்ணீரின் அழகும் தண்ணீரின் விதியும் ஒன்றாகவே இருந்தன. சுக்கானை விட்டு இறங்கலாம், கயிற்றைப் பிடித்து எதிரிக் கப்பலுக்குத் தாவலாம், கடலில் குதிக்கலாம். அதே சிங்கப்பூர்க் குழு முன்னின்று செய்து, 2017இல் அறிவித்து, 2024 பிப்ரவரியில் வெளிவந்த ஸ்கல் அண்ட் போன்ஸ் கேமில் கடல் இன்னும் அழகு. ஆனால் எதிரிக் கப்பலைப் பிடித்தால் ஒரு சிறு காட்சி ஓடி முடிகிறது, கொள்ளைப் பொருள் கைக்கு வருகிறது. தாவும் கயிறு நம் கையில் இல்லை. அந்தக் கடலைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊரில் செய்தது என்று எனக்குப் பெருமைதான். அதனாலேயே அந்தக் கயிறு இல்லாதது இத்தனை உறுத்துகிறது.

மாரியோவைச் செய்த நின்டெண்டோ வேறு வழியில் போனது. செல்டா வரிசையில் 2017இல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமுக்கு, விதிகளைச் சோதிக்க முதலில் 1980களின் பாணியில் தட்டையான ஒரு மாதிரியைச் செய்து பார்த்தார்கள். மரத்தை வெட்டினால் கட்டையாகும், கட்டை ஆற்றில் மிதக்கும், தீப்பட்டால் எரியும். இதெல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு அதற்குப் பொருந்தும் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். புல்லின் ஒவ்வொரு நரம்பும் தெரியாது. ஆனால் புல் எரியும், எரிந்தால் சூடான காற்று மேலெழும், அந்தக் காற்றில் நாம் பறக்கலாம். இடி மின்னலில் இரும்பு வாளை முதுகில் வைத்திருந்தால் நம் மேல் மின்னல் விழும். நீங்களும் மகனும் இதைச் சேர்ந்து ஆடிப் பாருங்கள் என்று மனமாரச் சொல்வேன்.

கார்டு விஷயம். தம்பி எந்த கேம் ஆடுகிறான் என்று முதலில் கேளுங்கள். எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள், பலர் கிராபிக்ஸைக் குறைத்து, நொடிக்கு எத்தனை படம் மாறும் என்ற ஃபிரேமைக் கூட்டி வைத்திருப்பார்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிவினாடி, 60 என்றால் சுமார் 17. போட்டியாக ஆடுகிறவர்களுக்கு அந்த இடைவெளிதான் வெற்றி தோல்வி. கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடிய உங்களுக்கு இது புதிதல்ல.

அவன் ஆடுவது வேலரன்ட் என்றால், சாதாரணக் கணினியிலும் ஓடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள், இருக்கும் கார்டே அனேகமாகப் போதும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். அப்படியானால் எத்தனை பெரிய கார்டு போட்டாலும் நொடிக்கு 60க்கு மேல் திரை காட்டாது. அதே பணத்தில் முதலில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கலாம். நனைந்த சாலையில் விளக்கு மின்னும் கேம்கள்தான் அவனுக்குப் பிடிக்கும் என்றால் கார்டு வாங்கிக் கொடுங்கள், அந்த மினுமினுப்பைப் பார்த்து நீங்களும்தானே அசந்துபோனீர்கள். சிம் லிம் ஸ்குவேரில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். வாங்கும் முன் கணினியின் பவர் சப்ளை எத்தனை வாட், புது கார்டுக்கு அது போதுமா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள்.