ஸ்டோரிபுக்கில் பாஸ், பக்கத்தில் ஃபெயில்: கேள்வி பதில்

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஃப்ரண்ட்எண்ட் ஆட்கள் அனுப்பிய கேள்விகள். காம்பொனென்ட்களின் (பட்டன், படிவப் பெட்டி போன்ற திரைத் துண்டுகள்) அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளாலும் பயன்படுத்த முடிகிறதா என்பதை, சோதிப்பதுதான் எனக்குப் பல வருடமாகச் சோறு போடுகிறது, தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒயிட்ஃபீல்ட்: அக்கா, ஒவ்வொரு காம்பொனென்டையும் ஸ்டோரிபுக்கில் (காம்பொனென்டைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் கருவி) ஆக்ஸ் (அணுகல்தன்மைப் பிழைகளைத் தானாகத் தேடும் கருவி) வைத்துச் சோதிக்கிறோம். எல்லாம் பச்சை. ஆனால் ஆடிட்டில் மட்டும் உதை வாங்குகிறோம். ஏன்?

ஸ்டோரிபுக்கில் அது தனிக்குடித்தனம், பக்கத்தில் கூட்டுக்குடித்தனம். சமீபத்தில் நான் பார்த்த ஒரு முகவரிப் படிவத்தைச் சொல்கிறேன். பின்கோடு பெட்டியின் ஐடியை (பக்கத்தில் ஒன்றுக்கு மட்டுமே இருக்க வேண்டிய அடையாளப் பெயர்) காம்பொனென்டுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். தனியாகப் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் படிவத்தில் வீட்டு முகவரி, அலுவலக முகவரி என்று அது இரண்டு தடவை வந்தது. அலுவலகப் பின்கோடு லேபிளைக் கிளிக் செய்தால் கர்சர் வீட்டுப் பின்கோட்டில் போய் நின்றது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரோ, அலுவலகப் பெட்டியில் இருப்பவருக்கு வீட்டுப் பெட்டியின் பிழைச் செய்தியை வாசித்தது. அவர் எதைத் திருத்துவார், பாவம்!

அதனால் ஒவ்வொரு காம்பொனென்டுக்கும் 'ஒரே பக்கத்தில் இரண்டு' என்று ஒரு ஸ்டோரி (ஸ்டோரிபுக்கின் சோதனைக் காட்சி) கட்டாயம் எழுதுங்கள். ரியாக்ட் 18 முதல், ஒவ்வொரு தடவைக்கும் தனி ஐடி தரும் யூஸ்ஐடி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அப்புறம், கார்டுக்குள் தலைப்பை எச்3 (மூன்றாம் நிலைத் தலைப்பு) என்று பூட்டி வைக்காதீர்கள். எந்த நிலை என்பது பக்கத்துக்குத்தான் தெரியும்.

பி.டி.எம். லேஅவுட்: பக்கத்தின் மேல் எழும்பி வரும் மோடல் பெட்டிக்கு என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் மவுஸைக் கழற்றி டிராயரில் போடுங்கள். என்டர் தட்டித் திறந்தால் ஃபோகஸ் (கீபோர்டு இப்போது நிற்கும் இடம்) உள்ளே போகிறதா? டேப் அடித்துக்கொண்டே போனால் பின்னால் இருக்கும் பக்கத்துக்கு நழுவுகிறதா? எஸ்கேப் மூடுகிறதா? மூடியதும், திறந்த பட்டனுக்கே ஃபோகஸ் திரும்புகிறதா?

கடைசிக் கேள்வியில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள். 'இந்த வரிசையை அழிக்கவா?' என்று கேட்கும் மோடலில் ஆம் என்றால், திறந்த பட்டனே வரிசையோடு போய்விடும். ஃபோகஸ் எங்கே திரும்பும்? அடுத்த வரிசைக்கோ அட்டவணைத் தலைப்புக்கோ நீங்கள்தான் அனுப்ப வேண்டும். மற்றதில் பெரும்பாலானதை எச்டிஎம்எல்லின் டயலாக் எலிமென்டை ஷோமோடல் வழியாகத் திறந்தாலே பிரவுசர் கவனித்துக்கொள்ளும். சொந்தமாக எழுதியே தீருவேன் என்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

கோரமங்களா: வெள்ளைப் பின்னணியில் #777777 சாம்பல் எழுத்துதான் வேண்டும் என்று டிசைனர் அடம்பிடிக்கிறார்.

அதன் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 4.48. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும், ரவுண்ட் செய்து தேற்றிவிட முடியாது. #767676 கொடுங்கள், 4.54 வரும். டிசைனருக்கே வித்தியாசம் தெரியாது. மவுஸை மேலே வைத்தால் வரும் ஹோவர் நிறத்தையும் டார்க் தீமையும் தனியாகப் பாருங்கள்.

இந்திராநகர்: எந்த ஸ்கிரீன் ரீடர்?

விண்டோஸில் என்விடிஏ, இலவசம். மேக்கில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக். ஆங்கிலப் பக்கத்துக்குள் தமிழ் வரி வந்தால் அதற்கு மொழிக் குறிப்பு கொடுங்கள். இல்லாவிட்டால் அது தமிழ் என்று ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியாது.

எலக்ட்ரானிக் சிட்டி: இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா என்று மேனேஜர் கேட்கிறார்.

இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது.

மாரத்தஹள்ளி: கருவிகள் எல்லாம் பாஸ் செய்தபின் ஆளை வைத்தும் சோதிக்க வேண்டுமா?

வேண்டும், அதுவும் சம்பளம் கொடுத்து. ஒருமுறை, பார்வையற்ற டெஸ்டர் ஒருவர் எங்கள் அட்டவணையில் பட்டன் பட்டியலைத் திறந்தார். 'டெலிட், டெலிட், டெலிட்' என்று வரிசையாகக் கேட்டது. எல்லாப் பட்டனுக்கும் பெயர் இருந்ததால் ஆக்ஸ் வாயைத் திறக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "எதை அழுத்தினால் யார் தலை போகும்னு தெரியலையே மேடம்" என்றார். அன்று மாலையே அந்தப் பட்டனுக்கு வரிசையின் பெயரைக் கட்டாய ப்ராப் (காம்பொனென்டுக்குக் கொடுக்கும் மதிப்பு) ஆக்கினோம். இப்போது அதைக் கொடுக்காவிட்டால் டைப்ஸ்கிரிப்ட் பில்டே ஓடாது.