கரி சுத்தம், வாயு?

கேள்வி: கழிவுநீர்க் கசட்டில் பிஎஃப்ஏஎஸ் என்னும், எளிதில் சிதையாத ஃப்ளூரின் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. காற்றில்லாமல் சூடாக்கிக் கரியாக்கினால் அழிந்துவிடுமா?

பதில்: கசட்டை விட்டுப் போகும். அழிந்ததா என்பது வேறு கேள்வி. 500 முதல் 700 டிகிரி செல்சியஸில் அவற்றில் பெரும்பகுதி ஆவியாகி வாயுவோடு கிளம்பிவிடும். கரியை மட்டும் சோதித்துவிட்டு வெற்றி என்று சொல்வதை நாம் ஏற்பதில்லை.

கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பை முறிக்கும் வேலை பெரும்பாலும் அடுத்த எரிப்பறையில்தான். வாயுவைச் சூடு ஆறாமல் அங்கே கொண்டுபோக வேண்டும். ஆறினால் தார் படிந்து குழாய் அடைக்கும். 1,000 டிகிரிக்கு மேல், 2 விநாடியாவது, காற்றோடு நன்றாகக் கலந்து எரியட்டும். சூடு போதாவிட்டால் பெரிய மூலக்கூறு துண்டாகி, சிறிய ஃப்ளூரின் சேர்மங்களாகப் புகைபோக்கி வழியே தப்பும். அவற்றில் கார்பன் டெட்ராஃப்ளூரைடு மகா பிடிவாதம். அதை உடைக்க ஏறக்குறைய 1,400 டிகிரி வேண்டும்.

முறிந்த ஃப்ளூரின் ஹைட்ரஜன் ஃப்ளூரைடாக வரும். அது சிலிக்கா கலந்த செங்கலையே அரிக்கும். காஸ்டிக் சோடா கரைசலில் வாயுவைக் கழுவி, அந்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் ஃப்ளூரைடாகப் படியும். கழுவிய நீரையும், கசட்டை முதலில் காயவைக்கும் உலர்த்தியில் குளிர்ந்து சேரும் நீரையும் சோதிக்காமல் கழிவுநீர் நிலையத்தின் தொடக்கத்துக்கே திருப்பினால், துரத்தியது வாசல் வழியே திரும்பி வரும்.

மாதிரி எடுக்க டெஃப்லான் குழாய் வேண்டாம். அதுவே ஃப்ளூரின் சேர்மம். பாலிப்ரொப்பிலீன் புட்டி போதும்.

கேள்வி: எங்கள் கசட்டில் திடப்பொருள் 18 சதவீதம். வெளி எரிபொருள் இல்லாமல் ஓடுமா?

பதில்: ஓடாது. கரியாக்கும் முன் 1 டன்னை 90 சதவீதத் திடப்பொருளாக உலர்த்த 800 கிலோ நீர் ஆவியாக வேண்டும். இழப்பையும் சேர்த்துக் கிலோவுக்கு 3 மெகாஜூல் என்றால் 2,400 மெகாஜூல். நுண்ணுயிர்கள் செரிக்கும் தொட்டியைத் தாண்டி வந்த கசடு உலர் கிலோவுக்குச் சுமார் 11 மெகாஜூல்தான் தரும். 180 கிலோவுக்கு 1,980. அதிலும் ஒரு பங்கு கரியிலேயே தங்கும். பிழிந்து 25 சதவீதமாக்கினால் தேவை 2,170, வரவு 2,750. கரியின் பங்கைக் கழித்தால் அதுவும் இழுபறிதான். எரிப்பறையின் வெப்பத்தை உலர்த்திக்குத் திருப்புங்கள். உலர்ந்த கசட்டைச் சூடாகக் குவித்து வைக்காதீர்கள், தானே பற்றிக்கொள்ளும்.

கேள்வி: உலோகங்கள்?

பதில்: பாதரசம் வாயுவோடு போகும், அதற்குத் தனி வடிகட்டி தேவை. செம்பும் துத்தநாகமும் கரியிலேயே இருக்கும். உலர் எடை பாதியானால் அவற்றின் செறிவு இரட்டிப்பாகும். பாஸ்பரஸும் அங்கேதான், கரியை உரமாக்க ஆசைப்படுவது அதனால்தான்.